ஆறாம் கட்டில் ரதி

கையில் காப்புக் கட்டியவன் தோட்டத்து எல்லையைத் தாண்டி ஒரு ராத்திரி வெளியே தங்கினால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியுமா?

பட்டிக்கரைத் தோட்டத்திலும் யாருக்கும் தெரியாது. ஏனென்றால் அதுவரை யாரும் தங்கியதில்லை. மாசி மாதம் காமன் கம்பம் ஊன்றி, கூத்தில் ரதியாகவும் மன்மதனாகவும் ஆடுகிற இரண்டு பேருக்கும் மஞ்சள் நூலில் காப்புக் கட்டிவிட்டால், மதனை எரித்து மூன்றாம் நாள் எழுப்புகிற வரைக்கும் அவர்கள் எல்லைக்குள்ளேயே கிடக்க வேண்டும். கவிச்சி கூடாது. பெண்டாட்டி பக்கத்தில் படுக்கக் கூடாது. நோர்வூட் டவுனுக்கு ஒரு வேலையாகப் போனாலும் விளக்கு வைக்கும் முன் திரும்பிவிட வேண்டும். தவறினால் காப்பு முறிந்துபோகும். காப்பு முறிந்தால் கம்பத்தைப் பிடுங்க வேண்டும், அந்த வருசம் கூத்தே இல்லை. இதுதான் சட்டம். சட்டம் போட்டவர்கள், மனிதன் வயிற்றில் குடல்வால் என்று ஒன்று இருப்பதை யோசிக்கவில்லை.

அழகுமுத்து தேயிலைப் பெக்டரியில் கொழுந்துச் சாக்கு தூக்குகிறவன். கதவை அடைத்துக்கொண்டு நிற்கிற தோள். ஆனால் ரதி வேசம் பல வருசமாக அவனுக்குத்தான். மீசையை மழித்து, சேலையைச் சுற்றி, எரிந்துபோன புருசனுக்காக அவன் ஒப்பாரி எடுத்தால், அவனோடு பேச்சுவார்த்தை இல்லாத பெண்களும் மூக்கைச் சிந்துவார்கள். கொழும்பில் கடைகளில் வேலை செய்கிற பட்டிக்கரைப் பிள்ளைகள் தீபாவளிக்கு வராவிட்டாலும் காமன் கூத்துக்கு லீவு சொல்லிவிட்டு வந்துவிடுவார்கள்.

புதன்கிழமை மத்தியானம் ஒத்திகை. மதனின் மடியில் ரதி சாய வேண்டிய இடத்தில் அழகுமுத்து சாய்ந்தான். எழுந்திருக்கவில்லை. இந்த வருசம் நடிப்பு பிரமாதம் என்று தப்படிக்கிறவர்கள் இன்னும் ஓங்கி அடித்தார்கள். அவன் வாந்தி எடுத்த பிறகுதான் ஆட்டோவைக் கூப்பிட்டார்கள்.

ஆட்டோ எல்லைப் பாலத்தில் நின்றுவிட்டது. குறுக்கே கூத்துக் கமிட்டித் தலைவர் சோலைமலை கையை விரித்துக்கொண்டு நின்றார்.

“அண்ணே, வழிய விடுங்க. மனுசனுக்கு வயிறு வெடிக்கப் போகுது” என்றாள் உள்ளே புருசன் தலையை மடியில் வைத்திருந்த பிரியந்தி.

“போகட்டும் தாயி, நா வேணாங்கல. ஒரு சூடம் கொளுத்திக் கேட்டுட்டுப் போகட்டும்.”

“யாருகிட்ட கேக்குறது?”

“காமன்கிட்டதான்.”

“காமன் என்னா டாக்டரா?”

சூடம் காற்றில் இரண்டு தடவை அணைந்தது. மூன்றாவது தடவை சோலைமலை சாரத்தை விரித்து மறைத்துக்கொண்டு கொளுத்தினார். ஆட்டோ கிளம்பியதும் பின்னாலேயே ஓடிவந்து, “வெளக்கு வைக்கிறதுக்குள்ள வந்துரு தம்பி!” என்று கத்தினார். உள்ளேயிருந்து முனகல்தான் பதிலாக வந்தது.

டவுன் ஆஸ்பத்திரியில் டாக்டர் வயிற்றை ஒரு அழுத்து அழுத்திப் பார்த்தார். உடனே ஒப்பரேசன் என்றார். அதற்கு ஆயத்தம் செய்ய வந்த நர்ஸ் சந்திமா மிஸ், வளையல், மோதிரம், அரைஞாண் எல்லாவற்றையும் கழற்றச் சொல்லிவிட்டு, காப்பை வெட்டுவதற்குக் கத்தரிக்கோலை எடுத்தார். அழகுமுத்து கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டான்.

“மிஸ், கைய வேணும்னா வெட்டுங்க. இத வெட்டாதீங்க.”

சந்திமா மிஸ்ஸுக்குத் தமிழ் அரைவாசிதான் தெரியும். ஆனால் அவருடைய மணிக்கட்டிலும் பன்சலையில் பிக்கு ஓதிக் கட்டிவிட்ட வெள்ளைப் பிரித் நூல் கிடந்தது. அதைப் பார்த்தார், இதைப் பார்த்தார். கத்தரிக்கோலை வைத்துவிட்டு, காப்பு வெளியே தெரியாதபடி பிளாஸ்டரைச் சுற்றி ஒட்டினார்.

ஒப்பரேசன் முடிந்து அவனை ஆறாம் கட்டிலில் போட்டபோது வெளியே பனி இறங்கத் தொடங்கியிருந்தது. கண் திறக்கவில்லை. பிரியந்தியின் போன் அடித்தது. சோலைமலை.

“வெளக்கு வைக்கப் போறோம் தாயி. ஆள் எங்க?”

“இங்க கட்டில்ல கெடக்காரு. இன்னும் மயக்கம் தெளியல.”

அந்தப் பக்கம் பெருமூச்சு. “அப்ப ஒண்ணும் பண்ண ஏலாது. கம்பத்தப் பிடுங்க வேண்டியதுதான். சனமெல்லாம் வந்து நிக்கிது. நா எப்பிடிச் சொல்லப் போறேனோ.”

பிரியந்தி கட்டிலைப் பார்த்தாள். இவன் கண்ணைத் திறந்ததும் முதலில் கேட்கப் போகிற கேள்வி அவளுக்குத் தெரியும். அதற்குப் பிறகு லயத்து வீடுகளில் ஒவ்வொருவரும், ‘இவனாலதான் கூத்து நின்னுச்சு’ என்று வருசம் முழுக்கச் சொல்லப் போவதும் தெரியும்.

“அண்ணே, கொஞ்சம் நில்லுங்க. நா வீடியோவுல வாறேன். நீங்க ஒங்க போனக் கம்பத்துக்கிட்ட வைங்க.”

“எதுக்கு?”

“வைங்கன்னா வைங்க.”

அவள் தன் போனை அழகுமுத்துவின் முகத்துக்கு நேரே பிடித்தாள். பட்டிக்கரைக் காமன் பொட்டலில், கரும்பும் ஆமணக்கும் கட்டிய கம்பத்தின் அடியில், வாயைத் திறந்து தூங்குகிற ரதி தெரிந்தாள்.

“பாத்தீங்களா? அவரு மூஞ்சி எங்க இருக்கு? கம்பத்துக்கிட்டதான இருக்கு? எல்லைக்குள்ளதான இருக்கு?”

“இது என்னா ஞாயம் தாயி?”

“போன மாசம் ஒங்க மக கல்யாணத்துல தாய்மாமன் எங்க இருந்தாரு?”

“கட்டார்ல.”

“மாமன் மொறைக்கு யாருக்கு மால போட்டீங்க?”

சோலைமலை கொஞ்சம் யோசித்தார். “போனுக்கு.”

“உருமாத் துண்டு யாருக்குக் கட்டினீங்க?”

“அதுவும் போனுக்குத்தான்.”

“அது செல்லும்னா இது மட்டும் செல்லாதா?”

பொட்டலில் பெரிய விவாதம் நடந்தது. ஆஸ்பத்திரிச் சாப்பாட்டு வண்டி வந்துபோகிற வரைக்கும் நடந்தது. கடைசியில் சோலைமலை திரையில் முகத்தைக் காட்டித் தீர்ப்புச் சொன்னார். செல்லும். ஆனால் விளக்கு வைத்ததிலிருந்து விடிகிற வரைக்கும் லைன் அறுந்துபோகக் கூடாது. அறுந்தால் ஆள் எல்லை தாண்டியதாகத்தான் கணக்கு.

போனைப் பித்தளைத் தாம்பாளத்தில் சாய்த்து வைத்து, மேலே சந்தனமும் குங்குமமும் வைத்தார்கள். பூசாரி அதற்கும் ஒரு தடவை தீபம் காட்டினார்.

சிக்கல் ஆஸ்பத்திரிப் பக்கத்தில் வந்தது. பெண்கள் ஆண்கள் வார்டில் ராத்தங்க முடியாது. போனைத் தலையணையில் சாய்த்து வைத்துவிட்டுப் பிரியந்தி கிளம்புகிற நேரம், திரையில் புருசனின் முகம் கட்டம் கட்டமாக உடைந்தது. டேட்டா முடியப் போகிறது என்று செய்தியும் வந்தது. அவள் போனைத் தூக்கிக்கொண்டு அங்குமிங்கும் திருப்பினாள்.

ஜன்னலோரத்து ஐந்தாம் கட்டிலில் சிறுநீரகக் கல்லோடு படுத்திருந்தார் மஃறூப். நோர்வூட்டில் போன், ரேடியோ எல்லாம் விற்கிற கடை வைத்திருப்பவர். ஆரம்பத்திலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் கிடந்தார். காசு கொடுத்துப் படம் பார்க்கப் போனாலும் இப்படிக் கிடைக்காது என்பது அவர் எண்ணம்.

“தங்கச்சி, அந்த மூலைல சிக்னல் வாரல்ல. எனக்கிட்ட ரவுட்டர் ஈக்கி” என்று தலையணைக்கு அடியிலிருந்து சோப்புக் கட்டி மாதிரி ஒன்றை எடுத்து ஜன்னலில் வைத்தார். “ஒங்கட போன இதுல போட்டுத் தாறன். விடியும் மட்டும் அறாது. அறுந்தா நான் கல்லோடயே போறன்.”

“நானா, ஒங்களுக்குப் பெரிய புண்ணியம்.” முஸ்லிம் அண்ணன்மாரை அங்கே நானா என்றுதான் கூப்பிடுவார்கள்.

“புண்ணியம் ஈக்கட்டும். எரிக்கிற அண்டைக்கி எனக்கும் காட்டோணும்.”

அன்றைக்குக் கம்பத்துக்குக் காவல் இருந்தவர்கள் மறுநாள் லயம் லயமாகப் போய்ச் சொன்ன செய்தி ஒன்றுதான்: ரதி விடிய விடியக் குறட்டை விட்டாள்.

கண் விழித்து விசயம் தெரிந்ததும் அழகுமுத்து செய்த முதல் வேலை பிளாஸ்டரை லேசாகத் தூக்கிக் காப்பைத் தொட்டுப் பார்த்ததுதான். பிறகு சிரித்தான். சிரித்தால் வயிறு வலித்தது. வலித்தாலும் சிரித்தான். வியாழக்கிழமை முழுக்கப் பொட்டலுக்கு வந்த சனம் தாம்பாளத்தின் முன் குந்தி அவனிடம் சுகம் விசாரித்தது. “என்னா சாப்பாடு?” “கஞ்சி.” “எத்தன தையல்?” “எண்ணல.” ஒரு கிழவர் திரையில் விபூதி பூசிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் அவனுக்கு எல்லாம் வெள்ளையாகத்தான் தெரிந்தது. வார்டில் நடக்க முடிந்தவர்கள் எல்லாம் ஆறாம் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். நடக்க முடியாதவர்கள், “என்னவாம், என்னவாம்?” என்று கேட்டுக்கொண்டார்கள்.

ராத்திரிக்கு இப்படி வழி கிடைத்துவிட்டது. கூத்துக்குத்தான் இன்னும் கிடைக்கவில்லை. எரிப்பு சனிக்கிழமை சாயந்திரம். வயிற்றில் தையலோடு ஆட முடியாது. ஆட்டத்துக்கு யோகேஸ்வரனை நிறுத்தினார்கள். லொறி ஓட்டுகிறவன், உடம்பு ரப்பர் மாதிரி வளையும். ஆனால் பாட்டு? வெள்ளிக்கிழமை மத்தியானம் சோலைமலை போனைத் தூக்கி யோகேஸ்வரன் பாடுவதைக் கேட்க வைத்தார்.

மஃறூப் காதைப் பொத்திக்கொண்டார். “ஓய், இவன் பாடினா எரிஞ்ச மன்மதன் எழும்பி ஓடிருவான்.”

“கேட்டியா தம்பி?” என்றார் சோலைமலை. “இவன் ஆடட்டும். ஆனா ஒப்பாரி ஓங்கொரல்லதான் வரணும். காப்பு ஓங்கையில. கம்பத்துக்குக் கேக்க வேண்டியது ஓங்கொரல். நீ பாடலேன்னா ரதி இல்ல. ரதி இல்லேன்னா எரிக்கிறதுல அர்த்தமில்ல. பாடுவியா?”

“பாடுறேண்ணே.”

“எங்க, ஒரு அடி எடு. சத்தம் எப்பிடி வருதுன்னு பாப்பம்.”

நோயாளிகளைப் பார்க்க வருகிறவர்களின் நேரம் அது. வார்டுக்கு வெளியே வராந்தாவில், சாப்பாட்டுப் பார்சலும் சுடுதண்ணிப் போத்தலுமாகப் பல தோட்டத்துப் பெண்கள் கதவு திறக்கக் காத்து நின்றார்கள். உள்ளே அழகுமுத்து கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தான். துவாய்த் துண்டை எடுத்துத் தலையில் முக்காடு போட்டுக்கொண்டான். துவாய் இல்லாமல் அவனுக்கு அந்தக் குரல் வராது.

“மஞ்ச அரைச்சு வச்சேன், மாமன் வருவீகன்னு…
நெஞ்சில நெருப்பள்ளிக் கொட்டிட்டுப் போனீகளே…”

வராந்தாவில் பேச்சு நின்றது. ஒப்பாரி கேட்டால் மலைநாட்டுப் பெண்கள் முதலில் யார் செத்தது என்று கேட்பதில்லை. முதலில் உட்காருவார்கள். பக்கத்தில் இருக்கிறவளின் கழுத்தைக் கட்டிக்கொள்வார்கள். அழுது ஒரு சுற்று முடிந்த பிறகுதான் விசாரணை. அன்றைக்கும் அப்படித்தான். பார்சல்களைச் சுவரோரம் வைத்துவிட்டு, ஒருவரையொருவர் முன்னே பின்னே பார்த்திராதவர்கள் வட்டமாக உட்கார்ந்து கட்டிக்கொண்டு, உள்ளேயிருந்து வந்த குரலுக்கு எதிர்க்குரல் கொடுத்தார்கள்.

சத்தம் கேட்டு மஃறூப் சேலைன் கம்பைத் தள்ளிக்கொண்டு கதவடிக்கு வந்தார். ஒரு பெண் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

“யாருங்க போனது?”

மஃறூப் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டார். “மன்மதன்.”

“ஐயோ, பேரே எம்புட்டு நல்லாருக்கு! எந்தத் தோட்டம்?”

“பட்டிக்கர.”

“புள்ளகுட்டி எத்தனங்க?”

“எங்க புள்ள? இப்பத்தான் கலியாணம் முடிச்ச.”

“ஆத்தாடி!” என்று அவள் மறுபடி உட்கார்ந்தாள். வட்டம் இன்னும் பெரிதானது. குரல் இன்னும் ஏறியது.

அடுத்த வார்டிலிருந்து சிற்றூழியர் ஒருவர் வெள்ளைத் துணி போட்ட தள்ளுவண்டியோடு ஓடிவந்தார். அவருக்கு முன்னால் சந்திமா மிஸ் ஓடிவந்தார். ஆறாம் கட்டிலில் துவாய் முக்காட்டோடு ஒருவன் உட்கார்ந்து மார்பில் அடித்துக்கொண்டிருந்தான்.

“மே மொகத! இது என்ன? யாரு செத்தது?”

அழகுமுத்து பாட்டை நிறுத்தினான். பயத்தில் உண்மையைச் சொல்லிவிட்டான்.

“எம் புருசன், மிஸ்.”

சந்திமா மிஸ் அவனைப் பார்த்தார். தோளைப் பார்த்தார்.

“ஆனா இன்னும் சாகல மிஸ். நாளைக்கிச் சாயங்காலந்தான்.”

மிஸ் கையை வைத்து அவனுக்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்தார். மஃறூப் வந்து சிங்களத்தில் எல்லாவற்றையும் விளக்கினார். அவர் விளக்க விளக்க வண்டி தள்ளி வந்தவர் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மிஸ்ஸுக்குச் சிரிப்பு வரவில்லை. பக்கத்து வார்டில் நெஞ்சு வருத்தக்காரர்கள் இருக்கிறார்கள். இந்த அழுகையைக் கேட்டு அங்கே ஒருவருக்குப் பிரசர் ஏறிவிட்டது.

“வார்ட்ல சத்தம் எப்பா, வேணாம். இன்னும் ஒரு தடவ பாட்டு வந்தா போன் நான் எடுக்கிறது. தெரியுமா?”

தெரிந்தது. போன் போனால் ராத்திரியும் போச்சு, காப்பும் போச்சு, கூத்தும் போச்சு.

வராந்தாவில் அழுதவர்கள் உண்மை தெரிந்ததும் மஃறூப்பைத் திட்டித் தீர்த்தார்கள். “நானா, ஒங்களுக்குக் கல்லு எறங்காது” என்றாள் முதலில் கேட்டவள். அதற்குப் பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, “எரிக்கிறது எத்தன மணிக்கி? போன்ல வருமா?” என்றும் கேட்டாள்.

சனிக்கிழமை காலையிலிருந்து அழகுமுத்து வாயைத் திறக்கவில்லை. கஞ்சியும் குடிக்கவில்லை. பாடினால் போன் போகும். பாடாவிட்டால் கம்பம் போகும். பிரியந்தி சோலைமலையின் போனை வாங்கி வீடியோவில் பொட்டலைச் சுற்றிக் காட்டினாள். கொழும்புப் பிள்ளைகள் வந்திருந்தார்கள். ராகலையிலிருந்து அவள் அக்கா குடும்பம் வந்திருந்தது. ஓலையில் கட்டிய மன்மதன் கம்பத்துக்குப் பக்கத்தில் சாய்ந்து நின்றான்.

“என்னாங்க, மூஞ்சிய ஏன் இப்பிடி வச்சிருக்கீங்க?”

“பாட விட மாட்டேங்கிறாங்க பிரியந்தி.”

“மிஸ்கிட்ட கேட்டீங்களா?”

“திட்டுவாங்க.”

“காமனுக்குப் பயப்புடுறீங்க, சோலமல அண்ணனுக்குப் பயப்புடுறீங்க, இப்ப மிஸ்ஸுக்கும் பயமா? மிஸ்கிட்ட கேக்குறதுக்குச் சூடமா கொளுத்தணும்? கூப்புட்டுக் கேளுங்க.”

சந்திமா மிஸ் மருந்து கொடுக்க வந்தபோது கேட்டான். பாதித் தமிழும் பாதிச் சிங்களமுமாகக் கேட்டான். இடையில் பிளாஸ்டர் சுற்றிய கையையும் காட்டினான். மிஸ் மாத்திரையை அவன் வாயில் போட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். அதற்கடுத்த கட்டிலுக்கும் போனார். வார்டைச் சுற்றி முடித்துத் திரும்பி வந்துதான் சொன்னார்.

“கை கால் உடைஞ்ச ஆளுக்கு மா போட்டுக் கட்டுற ரூம் இருக்கு. பின்னேரம் யாரும் இல்ல. கதவு பெருசு. பத்து நிமிசம். பத்து நிமிசம் மட்டும்.”

அந்த அறையில் சிக்னல் ஒரு பொட்டுகூட இல்லை. மஃறூப் தன் ரவுட்டரை அதற்கு எதிரே வராந்தா ஜன்னலில் வைத்துவிட்டு, கதவை ஒரு விரல் அளவு திறந்து வைத்தார். சக்கர நாற்காலியில் அழகுமுத்துவைத் தள்ளிக்கொண்டு வந்தவர் நேற்றுத் தள்ளுவண்டியோடு ஓடிவந்தவர்தான். சுற்றிவர வெள்ளைக் கால்களும் கைகளும் மாதிரி மாவுக் கட்டுகள் தொங்கின. நடுவில் ரதி துவாயால் முக்காடு போட்டாள்.

பட்டிக்கரையில் இருட்டிவிட்டது. பிரியந்தி அக்காவின் போனையும் அதே லைனில் சேர்த்து மைக்குக்கு நேரே பிடித்திருந்தாள். சோலைமலையின் போன் ஆட்டத்தைக் காட்டியது. சிவன் நெற்றிக் கண்ணைத் திறந்தார், அதாவது கம்பியில் கட்டிய பந்தம் சீறிக்கொண்டு போனது. ஓலை மன்மதன் பற்றிக்கொண்டான். தப்புச் சத்தம் ஏறி நின்றது. யோகேஸ்வரன் சேலையைச் சுழற்றிக்கொண்டு ஓடிவந்து விழுந்தான்.

அழகுமுத்து எடுத்தான்.

முதல் அடி கோணலாகிவிட்டது. இங்கே பாடுவது அங்கே கொஞ்சம் பிந்தித்தான் கேட்டது. யோகேஸ்வரன் விழுந்து, புரண்டு, எழும்பி, தலைமுடியை விரித்த பிறகுதான் பெரிய ஸ்பீக்கர் பெட்டியில், “ஐயோ!” என்று வந்தது. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள்.

“தப்ப நிறுத்துங்கடா!” என்று சோலைமலை கத்துவது கேட்டது. “யோகேசு, நீ கொரலப் பாத்து ஆடு! கொட்டப் பாத்து ஆடாத!”

தப்பு நின்றது. குரல் மட்டும் போனது. யோகேஸ்வரன் இப்போது குரல் வருகிற வரைக்கும் காத்திருந்து, அதைக் கேட்டுக் கையைத் தூக்கினான், கேட்டு மண்ணை அள்ளினான். அழகுமுத்துவுக்கு எதிரே தொங்கிய மாவுக் கட்டுகள் மறைந்துபோயின. வயிற்றில் என்னமோ சுருக்கென்றது. அவன் நிறுத்தவில்லை.

“பூவும் வாடலியே, பொட்டும் அழியலியே…
ஏழு மல தாண்டி ஏன்…”

திரை நின்றுவிட்டது. யோகேஸ்வரனின் கை பாதி வானத்தில் நின்றது. நடுவில் ஒரு வட்டம் சுழன்றது.

“நானா!”

“பொறு, பொறு!” மஃறூப் சேலைன் கம்போடு வராந்தாவுக்கு ஓடினார். ரவுட்டரைத் தூக்கிப் பார்த்தார், ஊதினார், ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிப் பனியில் பிடித்தார்.

அழகுமுத்து முக்காட்டோடு உட்கார்ந்திருந்தான். லைன் அறுந்தால் எல்லை தாண்டியதாகக் கணக்கு. அவனுக்கு எரிகிற ஓலையின் வாசமே மூக்கில் வந்தது. இந்நேரம் சனம் ஒன்றையொன்று பார்க்கும். சோலைமலை கம்பத்தடிக்குப் போவார்.

வட்டம் சுழன்றுகொண்டே இருந்தது. பிறகு ‘டொக்’ என்று ஒரு சத்தம்.

முதலில் படம் வரவில்லை. சத்தம் வந்தது. பெண்களின் சத்தம். ஒருவர் இருவர் இல்லை. பொட்டலில் இருந்த பெண்கள் அத்தனை பேரும், அவன் விட்ட இடத்திலிருந்து, அவனுடைய அடிகளையே பாடிக்கொண்டிருந்தார்கள். ஒப்பாரி பாதியில் நின்றால் யாராவது எடுக்கத்தானே வேண்டும். அவர்களுக்கு அதில் யோசிக்க ஒன்றுமில்லை. வட்டமாக உட்கார்ந்து, கழுத்தைக் கட்டிக்கொண்டு, எரிகிற மன்மதனுக்காக அழுதார்கள். நடுவில் யோகேஸ்வரன் நிஜமாகவே அழுதுகொண்டு ஆடினான். படம் வந்தபோது ஒரு கையால் போனைப் பிடித்திருந்த பிரியந்தியும் வாய்விட்டுப் பாடிக்கொண்டிருந்தாள்.

அழகுமுத்து அடுத்த அடிக்குக் காத்திருந்து அவர்களோடு சேர்ந்துகொண்டான். அவர்கள் குரலைத் தாழ்த்தி அவனுக்கு வழிவிட்டார்கள்.

ஓலை முழுவதும் எரிந்து சாம்பலானது. தப்பு மறுபடி விழுந்தது. சோலைமலையின் முகம் திரை முழுக்க வந்தது. அவர் பேசும் முன்பே அழகுமுத்து முந்திக்கொண்டான்.

“அண்ணே, லைன் அறுந்துபோச்சு.”

“பாத்தேன்.”

“அப்ப காப்பு?”

சோலைமலை வியர்வையைத் துடைத்தார். “எல்ல தாண்டிப் போனது போனு தம்பி. ரதி கொரல் ஒரு நொடிகூடப் பொட்டல விட்டுப் போகல. இங்க அத்தன வாயில இருந்துச்சு. காப்பு இருக்கு. நீ படு.”

பின்னால் யாரோ, “மொதல்ல அந்தத் துவாய எடுக்கச் சொல்லுங்க, பாக்க சகிக்கல” என்றார்கள். பொட்டல் முழுக்கச் சிரித்தது. அழகுமுத்துவும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

பத்து நிமிசம் எப்போதோ முடிந்திருந்தது. கதவில் சாய்ந்து நின்ற சந்திமா மிஸ் மணிக்கூட்டைப் பார்க்கவே இல்லை. மஃறூப்பிடம் சிங்களத்தில் என்னவோ கேட்டார்.

“என்னாவாம் நானா?” என்றான் அழகுமுத்து.

“ஒங்கட புருசன் திரும்பி எழும்புவாரா எண்டு கேக்குறா.”

“எழும்புவாரு மிஸ். திங்கக்கிழம.”

“ஹா, அப்ப ஹரி, சரி” என்று மிஸ் சக்கர நாற்காலியைத் தானே வார்டுக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

மறுநாள் காலை டாக்டர் வந்து கட்டைப் பிரித்துப் பார்த்தார். தையல் ஒன்று விட்டிருந்தது. அதை மறுபடி போட்டார்கள். அன்றைக்கு வீட்டுக்குப் போகலாம் என்று இருந்தவனைப் புதன்கிழமை வரைக்கும் இருக்கச் சொன்னார்கள். அப்படியானால் திங்கட்கிழமை மன்மதன் எழும்பும்போதும் ரதி ஆறாம் கட்டிலில்தான்.